நீங்கள் பெயரை மாற்றினீர்கள்

மனித குலம் தோன்றிய நாள்முதல் நடந்த துரோகங்களில் ஆகப் பெரியது, பல பேர் கூட்டாக வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் ஒருத்தன் தனியாகப் போய் ஒரு ஃபைலின் பெயரை மாற்றுவதுதான் என்று நிஜின் அறிவித்தான். சிரிக்காமல், எழுந்து நின்று அறிவித்தான். அயினிவிளைச் சபை மண்டபத்தில் அவனைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்போ யூதாஸ் செஞ்சது?" என்று ஜெஸ்னா கேட்டாள்.

"யூதாஸ் பேரு ஒண்ணும் மாத்தல்லியே. இன்ன ஆளு இன்னார்ண்ணு கரெக்டாட்டு காட்டிக் குடுத்தான். அந்த நேர்மைகூட இவனுக்குக் கெடயாது" என்று நிஜின் வினீத்தைக் கை காட்டினான்.

வினீத் எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்தான். "எலே, கல்யாண வீட்டுக்காரரு கேட்டா ஒடனே எடுத்துக் குடுக்க வேண்டாமா? நீ போட்ட பேரு என்ன? 'பந்தலில் விழுந்த நிலா.' அந்த மனுசன் எங்கிட்ட, நிலா எங்கயும் விழட்டும் மக்கா, எனக்க மோளுக்க வீடியோ எங்கண்ணு கேக்காரு."

"அதுக்கு நீ என்ன பேரு போட்ட?"

"'வினீத் கேமரா ஃபைனல்.'"

"அதுக்குப் பெறவு?"

"'வினீத் கேமரா ஃபைனல் ரெண்டு.'"

"இப்போ?"

"'வினீத் கேமரா ஒறிஜினல் ஃபைனல் இதாக்கும்'" என்றான் வினீத், கொஞ்சம் பெருமையாகவே.

இந்த மூன்று பேரும்தான் சபையின் மீடியா டீம். கல்யாணம் என்றாலும் அடக்கம் என்றாலும் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் பார்த்தாக வேண்டும். அதற்காகச் சபைப் போதகர், இங்கே ஐயர் என்பார்கள், செய்த ஏற்பாடு. வினீத் கேமரா பிடிப்பான். நிஜின் எடிட் செய்வான். பி.எட். படிக்கும் ஜெஸ்னா, ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் ஓடவிடுவாள். எடுத்தது, வெட்டியது, வெட்டாமல் விட்டது எல்லாம் கிளவுடில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். ஐயர் தொடங்கிக் கொடுத்த ஒரே அக்கவுண்டு, ஒரே பாஸ்வேர்டு. மூன்று பேரும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள்.

"பேருண்ணு சொன்னா ஞானஸ்நானம் மாதிரியாக்கும்" என்றான் நிஜின். "ஒருக்கத்தான். எனக்க கொச்சுமாமன் பனச்சமூட்டுல வேற கூட்டத்துல சேந்து, ஆத்துல ரெண்டாமது ஒருக்க முங்கினாரு. இண்ணைக்கும் வீட்டுக்கு வந்தா அம்மா சாயா குடுப்பா. பலகாரம் குடுக்கமாட்டா. அதாக்கும் சட்டம்."

"ஃபைலுக்கும் மாமனுக்கும் என்னலே?" வினீத் தன் போனை எடுத்தான். "உனக்க நம்பர எனக்க போன்ல என்ன பேருல போட்டிருக்கேன், தெரியுமா? 'சவம் எடிட்டர்.' ஜெஸ்னா, நீ என்ன பேருல போட்ட?"

"'நிஜின் சேட்டன் சர்ச்.'"

"உங்க அம்மா?"

நிஜின் தயங்கினான். "'மோன் புதுசு.'"

"பழைய மோன் ஆரு?"

"எனக்க பழைய நம்பர்."

"பாத்தியா? ஒரே நீ. மூணு பேரு. ஆருக்காவது நட்டம் உண்டா? ஃபைலும் அப்பிடித்தான் இருக்கணும். அவனவனுக்குத் தோணின பேரு அவனவனுக்க போன்ல காட்டட்டும்."

வாதம் கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று நிஜினுக்கே பட்டது. அதனால் குரலை உயர்த்தினான். "இருக்கணும். ஆனா இல்லியே! நீ இங்க அயினிவிளையில இருந்து ஒரு பேர மாத்தினா மஸ்கட்டுல ஒருத்திக்க போன்லயும் மாறுதே! அப்போ என்ன செய்யணும்? ஒருத்தனுக்குப் பேரு மாத்தணும்ண்ணு தோணிச்சுண்ணா, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்குத மாதிரி மூணு ஞாயிறு வாசிக்கணும். இன்ன ஃபைலுக்கு இன்ன பேரு போட இன்னார் விரும்புதாரு, தடை சொல்லுத ஆளு உண்டாண்ணு கேக்கணும். ஆரும் சொல்லல்லண்ணா மாத்தலாம். மாத்தின பெறவும் பழைய பேரு அடியில தெரியணும், மாத்தினவனுக்க பேரும் தெரியணும்."

"நீ பேசாம கம்பெனிக்கு எழுதிப் போடு" என்று வினீத் கடைசிப் பழம்பொரியை எடுத்துக்கொண்டான்.

நிஜின் கம்பெனிக்கு எழுதத்தான் செய்தான். ஃபோல்டர் கம்பெனிக்கு அல்ல. திருவனந்தபுரத்தில் கல்யாணப் படங்கள் எடுக்கும் ஒரு கம்பெனிக்கு எடிட்டர்கள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. பெயர், போன் நம்பர், செய்த வேலைக்கு ஒரு லிங்க், அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் பாறசாலையில் பெரியமாமனின் ஹார்டுவேர் கடையில் போய் இருக்க வேண்டும் என்று அம்மா விமலகுமாரி முடிவு செய்திருந்தாள். மாமனும் சம்மதித்து, அவன் உட்கார ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டிருந்தார். போகிற வழியில் நிஜின் அதைப் பார்த்திருக்கிறான். சிமெண்டு மூட்டைகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். உலகத்தில் அவன் பயந்த ஒரே பொருள் அது.

லிங்க் எதுவென்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஒற்றசேகரமங்கலத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் மழை கொட்டித் தீர்த்தது. கரண்டு போயிற்று, பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது, பெண்ணின் தலைக்கு மேலே சமையல்காரர்கள் நான்கு பேர் வாழை இலையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வினீத் நனைந்துகொண்டே எல்லாவற்றையும் எடுத்திருந்தான். ஆனால் எடுத்தது வெறும் குழப்பம். நிஜின்தான் அதற்குள் உட்கார்ந்து, ஜெனரேட்டர் சத்தத்தையும் ஆட்களின் கூச்சலையும் அரித்து எடுத்துவிட்டு, மழைச் சத்தத்தையும் இருட்டில் பாடிய பாடகர் குழுவையும் மட்டும் மிச்சம் வைத்தான். கடைசியில் அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரிக்கும் இடத்தில் சத்தம் முழுக்க நின்றுவிடும். அதைப் பார்த்த ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலின் பெயர் 'ஒற்றசேகரமங்கலம் மழை'. அதில் தன் பெயரை அவன் போடவில்லை. படைப்பின் நெற்றியில் தன் பெயரை ஒட்டுகிறவர்கள் ஆட்டோவின் பின்னால் பிள்ளையின் பெயரை எழுதுகிறவர்கள் என்பது அவன் கொள்கை.

வினீத்திடம் சொன்னபோது அவன் முதுகில் ஒரு அடி வைத்தான். "போடு மக்கா. உனக்கு உள்ள வேலையாக்கும் அது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்ன மணிக்கணக்குல இருக்க ஒக்காது."

ஃபாரம் போட்ட மறுநாள் ஃபோல்டரைத் திறந்த நிஜின் திடுக்கிட்டான். மழையைக் காணவில்லை. அந்த இடத்தில் அதே படம், கீழே மலையாள எழுத்தில் ஏதோ ஒரு நீளமான பெயர்.

இந்த இடத்தில் நிஜினைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் மலையாளம் பேசினால் நெய்யாற்றின்கரைக்காரர்களே எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். மலையாளத்தில் சண்டை போடுவான், விலை பேசுவான், கனவுகூடக் கண்டிருக்கிறான். ஆனால் வாசிக்கத் தெரியாது. வீடு கேரளத்தில், படித்தது எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில். அந்தப் பள்ளி வேன் வாசல் வரை வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இங்கே பாதிப் பேர் இப்படித்தான், இரண்டு மொழியும் பேசுவார்கள், ஒன்றைத்தான் வாசிப்பார்கள். மற்றவர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள். நிஜின் சொன்னதில்லை. எதைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிற ஒருத்தன், பஸ் போர்டை வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? வினீத் ஐந்தாம் கிளாஸ் வரை அதே வேனில் வந்தவன்; அதற்குப் பிறகு மலையாளப் பள்ளிக்கு மாறினான். இரண்டு எழுத்தும் அவனுக்குத் தெரியும்.

நிஜின் போன் செய்தான். "ஓலை வாசிச்சியாலே நீ?"

"என்ன ஓலை?"

"எனக்க மழைக்கு ஆரு பேரு மாத்தினது?"

"ஓ, அதா!" வினீத்தின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "நாந்தான். எலே, அவனுவ திருவனந்தபுரத்துக்காரன்மாரு. லிங்க தொறந்தா தமிழ் எழுத்தா கெடக்குது. ஏதோ தமிழ்நாட்டுக்காரன்ண்ணு நெனச்சுத் தள்ளிப்போடுவானுவ. அதான் மலையாளத்துல ஆக்கிவிட்டேன். லிங்க் மாறாது கேட்டியா, பேரு மட்டுந்தான் மாறும். நீ வாசிச்சுப் பாத்தியா? கொள்ளாமா?"

நிஜின் திரையைப் பார்த்தான். சுற்றிச் சுற்றி வளைந்த எழுத்துகள், அழகாகத்தான் இருந்தன. முதல் எழுத்தில் ஒரு சுழி, நடுவில் இரண்டு சுழி. 'ஒற்றசேகரமங்கலம் மழை' என்றால் இவ்வளவு நீளம் இருக்கத்தானே செய்யும்.

"கொள்ளாம்" என்றான்.

"ஞானஸ்நானம் கெட்டுப்போச்சுண்ணு சண்டைக்கு வராத."

நிஜின் இதைப் பற்றியும் கருத்து வைத்திருந்தான். "மொழி மாத்துதது ரெண்டாம் ஞானஸ்நானத்துல வராது. தமிழ்ல யோவான், மலையாளத்துல யோஹன்னான், இங்கிலீஷ்ல ஜான். ஆளு ஒண்ணுதானே? இது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு சபைக்குச் சம்மதம்."

வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலும் அனுப்பினான். அடுத்து வந்த நாட்களில் சாயா குடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஃபோல்டரைத் திறந்து அந்தப் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். தன் படம் மலையாளத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய படம்போலத் தெரிந்தது.

பனச்சமூட்டில் அம்மாவின் தையல் மிஷினுக்கு பெல்ட் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பெனியிலிருந்து குரல் செய்தி வந்தது. ஒரு பெண்குரல், தேன் ஒழுகும் மலையாளம். நிஜின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நிஜின் அல்லே? ஈ வீடியோ வேறொராளும் அயச்சிட்டுண்டு கேட்டோ. ஃபைலில் அயாளுடெ பேரும் உண்டு. மற்றொராளுடெ வர்க் இங்கனெ அயய்க்கருது, கேட்டோ. சொந்தம் வர்க் வல்லதும் உண்டெங்கில் அயய்க்கூ."

வேறொருவரும் இதே வீடியோவை அனுப்பியிருக்கிறார். ஃபைலிலேயே அவர் பெயர் இருக்கிறது. அடுத்தவர் வேலையை இப்படி அனுப்பக் கூடாது. சொந்தமாக ஏதாவது உண்டென்றால் அனுப்பு. கேட்பதில் நிஜினுக்கு எப்போதும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது இன்னும் நன்றாகப் புரிந்தது. 'கேட்டோ' என்பதை அவள் எவ்வளவு கருணையோடு சொல்கிறாள் என்பதுகூடப் புரிந்தது.

வெள்ளறடையிலிருந்து வந்த பஸ் நின்றது. இறங்கியவர்களில் ஜெஸ்னா இருந்தாள். தோளில் பையும் கையில் சுருட்டிய சார்ட்டுமாக, பி.எட். கல்லூரியிலிருந்து வருகிறாள்.

"சேட்டா, இங்க என்ன செய்யுதீங்க?"

நிஜின் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத ஒண்ணு வாசி."

"எத?"

"இந்தப் பேர."

ஜெஸ்னா போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "வாசிக்கல்லியா சேட்டன்?"

"கண்ணாடி எடுக்கல்ல."

"சேட்டன் எப்பம் கண்ணாடி போட்டீங்க?"

"வாசி ஜெஸ்னா."

அவள் வாசித்தாள். "வினீத் எஸ். எடிட் செய்த வீடியோ." பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "இது மழை வீடியோ அல்லியா? இத வினீத் சேட்டனா எடிட் செஞ்சாங்க? நான் நீங்கண்ணுல்லா நெனச்சேன்."

பெல்ட்டைச் சுற்றிய காகிதம் நிஜினின் கையில் நனைந்து கிழிந்திருந்தது. இத்தனை நாள் தினம் திறந்து பார்த்து ரசித்தது அவனுடைய பெயர் இல்லாத இடத்தை. கட்டைவிரல் வேறு அனுப்பியிருந்தான்.

வினீத்தின் வீட்டு முற்றத்தில் பைக் நனைந்து நின்றது. வினீத் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். நிஜின் வாய் திறப்பதற்கு முன்னால் வினீத்தின் அம்மா லீலாபாய் உள்ளேயிருந்து வேகமாக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்களே, கேட்டியா? இவனுக்கு வேல கிட்டியாச்சு! திருவனந்தபுரத்துல! நீ இல்லியா அந்த விளம்பரத்தப் பத்தி இவனுக்குப் பறஞ்சு குடுத்தது? உனக்க நல்ல மனசாக்கும் மக்களே. இரி, அல்வா உண்டு, எடுத்திட்டு வாறேன்."

அவள் உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் மட்டும் கீழே கிடந்து தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அடைடா அத" என்றான் நிஜின்.

வினீத் போய் அடைத்தான். துணியைப் பிழிந்து பைக்கின் மேல் விரித்துப் போட்டான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான்; திரும்பிப் பார்க்கிற வேலை மட்டும்தான் மிச்சம். அதையும் செய்தான்.

"சொல்லு" என்றான் நிஜின்.

"என்ன சொல்ல? நானும் ஃபாரம் போட்டேன். போடக் கூடாதா? எல்லாருக்கும் உள்ளதுதானே."

"எனக்க படத்தப் போட்டியே!"

"உனக்க படமா?" வினீத்துக்குக் கோபம் வந்தது, வந்ததில் அவனுக்கே நிம்மதி இருந்ததுபோல் தெரிந்தது. "மழையில நனஞ்சது ஆரு? ஜலதோஷம் புடிச்சுக் கெடந்தது ஆரு? நீ வீட்டுல ஃபேன் போட்டு இருந்து வெட்டின. நான் எடுக்கல்லண்ணா நீ எதப் போயி வெட்டுவ?"

"கேமரா வேலைக்கா ஆளு கேட்டானுவ? எடிட்டருக்குலே! எடிட்டிங் உனக்குச் சரிவராதுண்ணு நீதானே சொன்ன?"

"எனக்கும் தெரியும் எடிட்டிங். உனக்குச் சிக்கன்பாக்ஸ் வந்து கெடந்தப்போ போன கிறிஸ்மஸ்க்கு கேரல் வீடியோ ஆரு செஞ்சது? ஒத்தைக்கு இருந்து செஞ்சேன். கொள்ளாம்ண்ணு நீயே சொன்னல்லியா?"

"அப்போ அத அனுப்பியிருக்கலாமே."

அதற்குப் பதில் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. கேரல் வீடியோ நன்றாக இருந்தது. மழை அதைவிட நன்றாக இருந்தது.

"நான் ஐயருகிட்ட காட்டுவேன்" என்று நிஜின் போனை எடுத்தான். "ஆரு எப்பம் பேரு மாத்தினாண்ணு எல்லாம் இதுல கெடக்கும். தப்ப முடியாது."

ஃபைலின் மேல் விரலை வைத்து, அதன் நடவடிக்கைகளைத் திறந்தான். அவன் போனில் எல்லாமே தமிழில் வைத்திருந்தான். அதுவும் ஒரு கொள்கை. சுத்தமான தமிழில் அது சொன்னது: 'நீங்கள் பெயரை மாற்றினீர்கள்.'

நிஜின் திரும்ப வாசித்தான். ஒரே அக்கவுண்டு, ஒரே பாஸ்வேர்டு. உள்ளே யார் போனாலும் அந்த ஃபோல்டருக்கு ஒரே ஆள்தான். அந்த ஆள் இப்போது போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். 'நீங்கள்' என்று மரியாதை வேறு.

வினீத் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதற்காக நிஜின் அவனை மன்னிக்கவும் இல்லை.

"நான் மறைக்க ஒண்ணும் இல்ல மக்கா" என்றான் வினீத், தாழ்ந்த குரலில். "பேர வெளியிலதானே போட்டேன். நீ தெனமும் பாத்த. எங்கிட்ட கொள்ளாம்ண்ணு சொன்ன. வாசிச்சிருக்கலாமே."

வாசிக்கத் தெரியாது என்று சொன்னால்தான் வழக்கு நிற்கும். இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் காத்து வந்திருக்கிறான்.

"எனக்கு வாசிக்க..." என்று தொடங்கினான்.

"தெரியாது" என்றான் வினீத். "எனக்கு அது ஆறாங்கிளாஸ்லயே தெரியும்லே."

அப்போதுதான் நிஜினுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. எத்தனை பஸ் ஸ்டாப்புகளில் இவனோடு நின்றிருக்கிறான். பஸ் தூரத்தில் வரும்போதே வினீத் தனக்குத்தானே பேசுவதுபோல, "ஓ, வெள்ளறட", "சே, இது நெய்யாற்றின்கர" என்பான். ஹோட்டலில் உட்கார்ந்ததும் சுவரில் எழுதியிருப்பதை ராகம் போட்டு வாசிப்பான். பசியில் வாசிக்கிறான் என்று நிஜின் நினைத்தான். ஒரு தடவைகூட 'உனக்குத் தெரியாதா' என்று கேட்டதில்லை. ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு பத்திரமாக, அவ்வளவு பிரியமாக அந்த ரகசியத்தை வைத்திருந்தான். பிறகு ஒரு நாள் எடுத்துச் செலவு செய்துவிட்டான்.

"நீ அறிஞ்சுட்டு..." என்றான் நிஜின்.

"அறிஞ்சுட்டுத்தான்" என்றான் வினீத். "எனக்கும் ஒரு வேல வேணும்லே."

லீலாபாய் தட்டில் அல்வாவோடு வந்தாள். கறுத்து மினுங்கும் அல்வா. நிஜின் ஒரு துண்டு எடுத்துத் தின்றான். வேண்டாம் என்றால் அவள் ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டும். "கொள்ளாம் மாமி" என்றான். அது பொய்யும் இல்லை, அல்வா உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விமலகுமாரி மிஷினில் புது பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். "மாமன் கூப்பிட்டான் மக்களே. திங்கக்கெழம நீ கடைக்கு வருவேண்ணு சொல்லட்டா?"

"பொறுங்கம்மா" என்று அறைக்குள் போனான்.

கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோல்டரைத் திறந்தான். சொந்தமாக ஏதாவது உண்டென்றால் அனுப்பு என்றிருந்தாள் அந்தத் தேன்குரல். உண்டு. ஏகப்பட்டது உண்டு. மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். அடக்கம். அடக்கம். பணி ஓய்வு விழா. அடக்கம். கல்யாணங்களும் இருந்தன, எல்லாம் வீட்டுக்காரர் கேட்டபடி, கேக் வெட்டு, மாலை மாற்று, பந்தியில் கறி பரிமாறும் சித்தப்பாக்கள். நிலா விழுந்த பந்தலையும் ஓடவிட்டுப் பார்த்தான். எழுதியபோது இருந்த நிலா படத்தில் இல்லை. மழையைத் தவிர, பார்த்தவுடன் ஒருத்தன் கூப்பிட்டு வேலை கொடுக்கும்படி அவன் செய்தது ஒன்றுமே இல்லை. இதை அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

இன்னும் கீழே போனான். கேரல் வீடியோ வந்தது.

முழுக்கப் பார்த்தான். ஒரு வீட்டு நாய் டிரம் அடிக்கு ஏற்றபடி ஊளையிடுகிறது. வினீத் அந்த ஊளையை வெட்டாமல் பாட்டுக்குள்ளேயே தைத்திருந்தான். தூக்கக் கலக்கத்தில் கதவு திறக்கும் ஒரு கிழவரின் முகத்தில் நட்சத்திர விளக்கின் சிவப்பு விழுகிறது, பச்சை விழுகிறது, கிழவர் மெதுவாகத் தாளம் போடத் தொடங்குகிறார். அதோடு முடித்துவிட்டிருந்தான். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில், சரியாக. சிக்கன்பாக்ஸ் தழும்போடு முதல் தடவை பார்த்த அன்று, கொள்ளாம் என்று சொல்லிவிட்டு நிஜின் இதைத் தனியாக மறுபடியும் பார்த்திருந்தான். அதை வினீத்திடம் சொன்னதில்லை.

ஃபைலின் பெயர் தமிழில் இருந்தது. 'வினீத் கேரல் ஃபைனல்.'

ஜெஸ்னாவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'எனக்க பேர மலையாளத்துல அடிச்சு அனுப்பு. எடிட் செஞ்சது நிஜின்ண்ணு.'

உடனே வந்தது. சுருள் சுருளாக ஒரு வரி. கீழே இன்னொரு வரி: 'வாசிக்கப் படிக்கணும்ண்ணா நான் சொல்லித் தாறேன் சேட்டா. கஷ்டம் ஒண்ணும் இல்ல. பி.எட்.க்கு எனக்கும் ஒரு பிராக்டிஸ் ஆச்சு.' பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அதற்கு நிஜின் பதில் அனுப்பவில்லை. முதல் வரியை மட்டும் காப்பி செய்தான்.

கேரல் வீடியோவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். பெட்டி திறந்தது. பழைய பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். வினீத் என்பதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. புதியதை ஒட்டினான். ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. பிறகு அந்த லிங்கை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான். மரியாதையாக மலையாளத்தில் ஒரு குரல் செய்தியும் கூடவே.

மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தான்.

"அம்மா, திங்கக்கெழம வேண்டாம். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிருங்க."